மூடாத கோப்பை

எங்கள் கடையில் யாரும் பீர் வேண்டும் என்று கேட்பதில்லை. கேட்டால் வெளியூர் ஆள் என்று தெரிந்துவிடும். வந்து உட்கார வேண்டியதுதான், முன்னால் ஒரு கோப்பை வரும். அது காலியானால் அடுத்தது வரும். போதும் என்று தோன்றினால், கோப்பைக்கு அடியில் இருக்கிற வட்ட அட்டையை எடுத்துக் கோப்பையின் வாயை மூடிவிட வேண்டும். அட்டை மேலே ஏறாதவரை நான் ஊற்றிக்கொண்டே இருப்பேன். ஆள் பாடினாலும் சரி, அழுதாலும் சரி.

இன்னொன்றும் உண்டு. அடுத்தவர் கோப்பையை யாரும் மூடக் கூடாது. தேவாலயத்தில் மோதிரம் மாற்றிக்கொண்ட மனைவிக்கும் அந்த உரிமை கிடையாது. ஒருமுறை தபால்காரரின் மனைவி நேரே உள்ளே வந்து அவர் கோப்பையை அட்டையால் மூடினாள். மனிதர் அட்டையை எடுத்துத் தரையில் போட்டார். அந்தக் கோபத்துக்காகவே கடை சாத்தும்வரை குடித்தார். குடித்த கைதான் மூட வேண்டும். எங்கள் ஊர் ட்ரெபினில் பாதிரியார் சொல்வதைக்கூட மீறுவார்கள், இதை மீற மாட்டார்கள்.

நான் ஹெட்விகா, தெரிந்தவர்களுக்கு ஹெட்வா. 'மூன்று நாரைகள்' கடையில் பீர்க் குழாய் என் கையில். கடைக்குப் பின்னால் முற்றம். முற்றத்துக்கு அடியில் நிலவறை. அங்கேதான் எங்கள் ஊர் பீர் திறந்த தொட்டிகளில் நுரைத்துப் பொங்கிக்கொண்டிருக்கும். அதை இப்போது காய்ச்சுகிறவன் என் கணவன் ராதிம். போன வசந்தம்வரை காய்ச்சியவர் அவன் அண்ணன் விலேம்.

பீர் பொங்கும்போது தொட்டியிலிருந்து கரியமில வாயு வழியும். அது கண்ணுக்குத் தெரியாது, மூச்சில் ஏறினால் ஆளைச் சாய்த்துவிடும். தண்ணீர் மாதிரித் தரையோடு தேங்கி மெல்ல ஏறும். அதனால் நிலவறைக்கு இறங்குகிறவர் மெழுகுவர்த்தி வைத்த கூண்டு விளக்கைத் தாழப் பிடித்துக்கொண்டு இறங்குவார். சுடர் அணைந்தால் பேசாமல் திரும்பிவிட வேண்டும். காற்றை இழுக்க விசிறி இருக்கிறதுதான், என்றாலும் எங்கள் ஆட்கள் விளக்கைத்தான் நம்புவார்கள். வாழ்நாள் முழுக்க அந்த விளக்கோடு இறங்கிய விலேம், ஒருநாள் அது இல்லாமல் இறங்கினார். தொட்டிப் படியில் உட்கார்ந்த மேனிக்குச் செத்துக் கிடந்தார். கையில் மொள்ளும் அகப்பை. விளக்கு மேலே கதவோரக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏன் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எனக்கு எந்தக் கதையும் வேண்டியிருக்கவில்லை. எனக்கு இருந்தது ஒரே பயம். மூத்தவரைக் கொண்டுபோன அந்தக் குழி இளையவனையும் கேட்குமோ என்ற பயம்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. ராதிமுக்கு அண்ணன் என்றால் உயிர். அண்ணனுக்கு ராதிம் என்றால் ஒரு பொடியன். நாற்பதைத் தாண்டி, தலையில் பாதி முடியை இழந்த என் கணவனை அவர் கடைசிவரை "பொடியா" என்றுதான் கூப்பிட்டார். உலகத்தில் வேறு யாரும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. விலேமுக்கு நாக்கு ஒன்றுதான் சொத்து. எந்த நாட்டுப் பீரைக் கொடுத்தாலும் கூடிப்போனால் மூன்றே மிடறு, பிறகு ஒரு தீர்ப்பு. நல்லதாக இருந்தால், "குடிக்கலாம்." அதற்கு மேல் பாராட்டு அவரிடம் கிடையாது. சுமாராக இருந்தால், "ஈரமா இருக்கு." மோசமென்றால் ஒன்றும் சொல்லாமல் கோப்பையை மேசை விளிம்புக்குத் தள்ளிவிடுவார். ராதிம் அவரிடம் இத்தனை வருடம் வேலை பார்த்தான். அவன் தனியாகக் காய்ச்சிய பீரைப் பற்றி மனிதர் ஒரு சொல் சொல்லவில்லை. நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. சொல்லாமலே செத்துப்போனார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

அண்ணன் போனபிறகு ராதிம் நிலவறையிலேயே கிடந்தான். தொட்டியோரம் நின்று யாரிடமோ கேட்பது போலப் பேசிக்கொண்டிருப்பான். "ஹாப் பூ கொஞ்சம் கூடிப்போச்சோ? தண்ணி இன்னும் ஆறியிருக்கணுமோ?" நான் மேலே நின்று கூப்பிட்டால் ஏறி வருவான். வரும்போது கண் என்னைப் பார்க்காது.

பீருக்குக் கசப்பைத் தருகிற ஹாப் பூவின் அறுவடை முடிந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒவ்வொரு வருடமும் கடையில் நாடுகளின் பந்தயம் நடக்கும். லாரி ஓட்டுகிற லூதெக் போகிற இடங்களிலிருந்தெல்லாம் பீர் கொண்டுவருவான். சில புட்டிகளைத் தெரிந்த ஓட்டுநர்கள் கைமாற்றித் தருவார்கள். அவற்றோடு எங்கள் பீரையும் கலந்து, எது எந்த நாடு என்று சொல்லாமல் நான் ஊற்றித் தருவேன், ருசி பார்த்து நாட்டையும் தரத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கோப்பைக்கும் அடியில் ஓர் அட்டை. அட்டையின் கீழ்ப்பக்கம் எண். எண்ணுக்கு உரிய நாடு என் தலைக்குள். இந்த வருடம் பந்தயமே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். ராதிம் கேட்கவில்லை.

"அண்ணன் இல்லாத முதல் பந்தயம். என் பீரு மத்த நாட்டோட நின்னு பார்க்கட்டும்," என்றான்.

அன்றைக்கு மேசையில் மூன்றே பேர்தான். ராதிம், லூதெக், பிறகு மருந்துக்கடை வைத்திருந்து ஓய்ந்துவிட்ட ப்ரோகோப் ஐயா. வெளியே மூடுபனி சன்னலை ஒட்டி நின்றது. பகல்தான், ஆனாலும் தெருவின் அந்தப் பக்கம் தெரியவில்லை. சுவரோரம் விலேமின் நாற்காலி. அதன் முன்னால் எங்கள் பீர் ஒரு கோப்பை ஊற்றி வைத்தேன். செத்தவருக்குச் செய்கிற கடைசி மரியாதை அது. மேசையில் மூத்தவர் எழுந்து, செத்தவர் சார்பில் அந்தக் கோப்பையை அட்டையால் மூடுவார். மற்றவர்கள் வாய் வைக்கும் முன்னால் மூடிவிட வேண்டும். அந்த ஒரு தடவைதான், அந்த ஒரு கோப்பைக்குத்தான் அடுத்தவர் கை படலாம்.

ப்ரோகோப் ஐயா எழுந்து கையை நீட்டினார். "ஒரு அட்டை குடும்மா ஹெட்வா."

நான் சுற்றிப் பார்த்தேன். அட்டை இல்லை. இருந்ததெல்லாம் எண் போட்டுக் கோப்பைகளுக்கு அடியில் போய்விட்டது. பந்தயத்துக்கு எத்தனை வேண்டும் என்று பார்த்தேனே தவிர, செத்தவருக்கு ஒன்று வேண்டும் என்பதை மறந்துவிட்டேன்.

"எல்லாம் அடியில இருக்கு ஐயா. ஒண்ண உருவினா நம்பர் தெரிஞ்சுபோயிரும்."

"இருக்கட்டும் விடுங்க," என்றான் லூதெக். "விலேம் அண்ணன் இனிமே எங்க அவசரமா போகப்போறாரு? ஒரு சுத்து முடியட்டும், என்னோட அட்டைய எடுத்து மூடிக்கலாம்."

நாங்கள் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். ப்ரோகோப் ஐயா மட்டும் கொஞ்சம் தயங்கிவிட்டு உட்கார்ந்தார்.

முதல் கோப்பை கறுப்பு. "இத கண்டுபிடிக்க சோசியக்காரன் வேணுமா? அயர்லாந்து," என்றான் லூதெக். ப்ரோகோப் ஐயா நுரையைப் பார்த்து மெச்சினார். கருகிய ரொட்டித் தோலின் கசப்பு, ஆனால் முடிவில் தண்ணீராகிவிடுகிறது என்றார். ராதிம் பழைய ரொட்டித் துண்டைக் கடித்து நாக்கைத் துடைத்துக்கொண்டான். நான் குழாயடிக்குப் போய் அடுத்த வரிசையை எடுத்து வந்தேன். வரும்போது விலேமின் கோப்பை காலியாக இருந்தது. என் கை அதை எடுத்துவிட்டு எங்கள் பீரையே இன்னொரு முழுக் கோப்பை வைத்தது. வைத்தபிறகுதான் எனக்கு உறைத்தது. காலிக் கோப்பையைக் கண்டால் நிரப்புவதற்கு என் கை என்னிடம் கேட்பதில்லை.

"லூதெக், உன் விளையாட்ட வேற எங்கயாவது வெச்சுக்க. செத்தவங்க கோப்பையில கைய வெச்சா கை அழுகும்."

"நான் தொடல அக்கா. சத்தியமா தொடல."

"அப்ப பீரு பறந்துபோச்சா?"

லூதெக் தன் கோப்பையைத் தூக்கிக் காட்டினான். ஒரு குழாய்க்காரிக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். நன்றாகக் கழுவிய கோப்பையில் ஒவ்வொரு மிடறுக்கும் நுரை ஒரு வளையம் விட்டுப்போகும். வளையத்தைப் பார்த்து யார் குடித்தது என்று சொல்லிவிடலாம். லூதெக் கோழி மாதிரிக் கொத்திக் கொத்திக் குடிப்பவன், அவன் கோப்பையில் ஏணிப்படி மாதிரி நெருக்கமான வளையங்கள். நான் குடித்தாலும் ஏறக்குறைய அப்படித்தான். ப்ரோகோப் ஐயா நடுவில் வைத்து வைத்துக் குடிப்பார், அவர் வளையங்கள் கோணல்மாணலாக இருக்கும். ராதிம் இரண்டே இழுப்பில் முடிப்பான். நான் கையில் வைத்திருந்த காலிக் கோப்பையில் மூன்று வளையங்கள் இருந்தன. ஒன்றுக்கொன்று சரியான இடைவெளி, அளவெடுத்து வரைந்தது மாதிரி. அப்படிக் குடிக்கிறவர் எங்கள் ஊரில் ஒருவர்தான் இருந்தார்.

லூதெக் தன் அட்டையை உருவி ப்ரோகோப் ஐயாவிடம் நீட்டினான். எண் தெரிவதைப் பற்றி இப்போது யாருக்கும் கவலையில்லை. ஐயா எழுந்துபோய் அதை விலேமின் கோப்பைமேல் வைத்தார். அட்டை நின்றது. நாங்கள் மூச்சுவிட்டோம். பிறகு அது அவசரமே இல்லாமல் ஓரமாக நகர்ந்து, விளிம்பைத் தாண்டி, தரையில் விழுந்தது. தபால்காரர் அன்றைக்குச் செய்தது போலத்தான் இருந்தது.

"நேரம் தவறிப்போச்சு," என்றார் ஐயா. "நாம குடிக்க ஆரம்பிச்சுட்டோம். அவனும் ஆரம்பிச்சுட்டான். இனிமே அவன் கோப்பை அவனுக்குத்தான்."

நான் ராதிமைப் பார்த்தேன். பயந்திருப்பான் என்று நினைத்தேன். அவன் முகத்தில் பயமே இல்லை. பல மாதமாக நான் பார்க்காத ஒரு வெளிச்சம் இருந்தது.

"அண்ணனுக்கும் ஒரு வரிசை வை," என்றான்.

"வேண்டாம் ராதிம். எந்திரி, வீட்டுக்குப் போவோம்."

"உட்கார்ந்தவருக்கு ஊத்தாம விடுறது நம்ம கடையில உண்டா ஹெட்வா? வை."

உண்டா என்று கேட்டால் இல்லைதான். வைத்தேன். அட்டை இல்லாததால் வெறும் பலகையில் வரிசையாக வைத்தேன்.

குடிப்பது கண்ணுக்குத் தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் நடக்காது. இமைத்தால், இருமினால், வேறு பக்கம் திரும்பினால், ஒரு வளையம் கூடியிருக்கும். அயர்லாந்தின் கறுப்பில் ஒரு வளையத்தோடு நின்றது. "ஈரமா இருக்கு," என்று ராதிம் முணுமுணுத்தான், அண்ணனுக்குப் பதிலாக. ஜெர்மனியின் கலங்கலான கோதுமைப் பீர், வாழைப்பழமும் கிராம்பும் மணப்பது, இரண்டு வளையம் வரை போனது. இங்கிலாந்துப் பழுப்பை உயிரோடு இருந்தபோதே அவர் ஆறிப்போன தேநீர் என்பார். அதிலும் ஒரு வளையம்தான். ஜப்பானின் அரிசி கலந்த பீர் நாக்கில் படும் முன்னால் காணாமல் போகிற ரகம், ஆனால் சுத்தமானது. அதுவும் இரண்டில் நின்றது. எலுமிச்சைத் துண்டு இல்லாமல் குடிக்க முடியாத மெக்சிகோப் பீர் மேசையின் விளிம்பில் நின்றது. நான் அதை அங்கே வைக்கவில்லை. பெல்ஜியத்தில் சந்நியாசிகள் காய்ச்சுகிற கெட்டிப் பழுப்பு, உலர்ந்த அத்திப்பழமும் வெல்லமும் போலச் சூடாக இறங்குவது, மூன்று வளையம் விட்டுக் காலியாகிவிட்டது.

"குடிக்கலாம்," என்றான் ராதிம். சிரிக்கக்கூடச் செய்தான். "அண்ணனுக்கு பெல்ஜியம் எப்பவும் பிடிக்கும்."

கடைசியில் இருந்தது எங்கள் பீர், ராதிமுடையது. பொன்னிறம், நான் ஊற்றிய மேனிக்கு நுரை நின்றது. லூதெக் வேண்டுமென்றே சன்னல் பக்கம் திரும்பினான். ப்ரோகோப் ஐயா கண்ணை மூடிக்கொண்டார். நானும் கூரையைப் பார்த்தேன். திரும்பிப் பார்த்தபோது கோப்பை அப்படியே இருந்தது. மறுபடி திரும்பினோம். மறுபடியும் அப்படியே. விளிம்புக்குக்கூடத் தள்ளப்படவில்லை. நுரை தானாகத் தணிந்துகொண்டிருந்தது. வரிசைக்கு முன்பே நான் தனியாக வைத்த கோப்பை மட்டும் எப்போதோ பாதியாகியிருந்தது. அதுவும் எங்கள் பீர்தான், ஆனால் அது தாகத்துக்குக் குடிப்பது. தீர்ப்புக்கு வைத்ததை மனிதர் தொடவில்லை.

உயிரோடு இருந்தபோது செய்ததைத்தான் செத்தும் செய்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நாற்காலியை உதைத்துத் தள்ளியிருப்பேன்.

"கோப்பையில ஊத்தினா எப்படிக் குடிப்பாரு?" என்றான் ராதிம், தனக்குத் தானே. "வீட்டு பீர அவரு மேசையில ருசி பார்த்ததே கிடையாதே. தொட்டியிலேர்ந்து அகப்பையில மொண்டுதான பார்ப்பாரு. நான்தான் மடையன்."

விலேமின் நாற்காலி தரையில் உரசிப் பின்னால் நகர்ந்தது. யாரோ எழுந்து வழிவிடுவது போலத்தான் நகர்ந்தது. ராதிம் கூஜாவை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாகப் போனான். நான் அவன் கையைப் பிடித்தேன். அவன் மெதுவாக என் விரல்களை விலக்கினான், குழந்தை விரலை விலக்குகிற மாதிரி.

"ஒரே நிமிஷம் ஹெட்வா. அவரு சொல்லட்டும். சொல்லிட்டா போதும், அப்புறம் நான் கேட்க மாட்டேன்."

அவன் போனபிறகுதான் கதவோரக் கொக்கியைப் பார்த்தேன். கூண்டு விளக்கு அங்கேயே தொங்கியது.

நான் போட்ட சத்தத்தில் லூதெக் விளக்கைப் பிடுங்கிப் பற்றவைத்துக்கொண்டு ஓடினான். போன வேகத்தில் நிலவறைப் படியிலிருந்து அவன் குரல் வந்தது. "பாதிப் படியிலயே அணைஞ்சுருச்சு அக்கா. விசிறி ஓடல. ராதிம் பதில் பேசல." பிறகு முற்றத்துப் பக்கக் கதவுகளைத் திறக்க அவன் ஓடுகிற காலடி கேட்டது. பனியில் ஊறித் தடித்த மரக்கதவுகள் அவை. ஓர் ஆள் தனியாகத் திறக்க நேரமாகும். நான் படிக்கு ஓடப்போனேன். ப்ரோகோப் ஐயா என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். அந்த வயதில் அவருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"நீ இறங்கினா ரெண்டு பொணம். காத்து உள்ள போகட்டும்."

"அதுவரைக்கும் அவன் இருக்கணுமே ஐயா."

எதிரே விலேமின் பாதிக் கோப்பை நின்றது, வாய் திறந்தபடி. குடித்துக்கொண்டிருக்கிறவர் பாதியில் எழுந்துபோனால் கோப்பையை எடுக்க மாட்டோம். திரும்பி வருவார் என்று அர்த்தம். மூடினால்தான் மனிதர் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். அவர் இன்னும் கிளம்பவில்லை. கீழே தம்பியோடு இருக்கிறார். குடித்த கைதான் மூட வேண்டும், அவ்வளவுதானே சட்டம் என்று நினைத்தேன். மிச்சத்தை நான் குடித்தால் என் கையும் குடித்த கைதானே. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன், ராதிம் என் புருஷன்.

விலேமின் நாற்காலியில் உட்கார்ந்தேன். இருக்கை சூடாக இருந்தது. கோப்பையை எடுத்து மிச்சத்தைக் குடித்தேன். முதலில் எங்கள் பீர்தான், எனக்குத் தெரிந்த கசப்பு. பிறகு அடியில் வேறொன்று வந்தது. ஈரச் சுண்ணாம்புச் சுவரின் குளிர்ச்சி. அணைந்த திரியின் புகை. தொண்டைக்குள் இறங்கி அது அங்கேயே நின்றுகொண்டது. தரையில் கிடந்த அட்டையை எடுத்துக் கோப்பையை மூடினேன்.

"போதும் விலேம்," என்றேன். "அவனை விடுங்க. நீங்க மேல வாங்க."

அட்டை நகரவில்லை. பின்பக்கம் மரக்கதவுகள் பிளந்து திறக்கிற சத்தமும் லூதெக்கின் கூச்சலும் கேட்டன. அதற்கு முன்பாகவே படியில் காலடி கேட்டுவிட்டது என்று ப்ரோகோப் ஐயா இன்றைக்கும் சொல்கிறார். முதலில் கனமான காலடி, பின்னாலேயே ராதிமுடையது. எனக்கு ஒருவருடைய காலடிதான் கேட்டது.

ராதிம் உள்ளே வந்தான். உதடு நீலமாக இருந்தது. கூஜாவை நெஞ்சோடு அணைத்திருந்தான், ஒரு சொட்டும் சிந்தியிருக்கவில்லை. நான் எழுந்து ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள நினைத்தேன். கால் வரவில்லை. நாற்காலியிலிருந்தே அவன் பெயரைச் சொல்லி அழுதேன்.

"அண்ணன் எங்க?" என்று கேட்டான்.

"உட்காரப்பா முதல்ல," என்றார் ஐயா.

"தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்னாரு. அகப்பையில மொண்டு குடிச்சாரு. என்னைப் பார்த்து வாயத் தொறந்தாரு, சொல்லத்தான் தொறந்தாரு. அதுக்குள்ள யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிட்டு விறுவிறுன்னு படியேறிட்டாரு. நான் பின்னாலயே வந்தேன். உங்களத் தாண்டித்தான போயிருக்கணும்?"

யாரும் எங்களைத் தாண்டிப் போகவில்லை. ராதிம் அறையைச் சுற்றிப் பார்த்தான். மூடிய கோப்பையைப் பார்த்தான். அதன் பின்னால் உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். அந்த வசந்தத்துக்குப் பிறகு அவன் கண் என்மேல் நின்றது அப்போதுதான். பிறகு ஒரு புதுக் கோப்பையை எடுத்துக் கூஜாவிலிருந்து ஊற்றி என் முன்னால் வைத்தான்.

"நீ சொல்லு ஹெட்வா. உலக நாட்டு பீரெல்லாம் நின்னுச்சே, அதுக்கு நடுவுல என்னோடது எப்படி?"

எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? இதற்குத்தானா இத்தனை பாடு என்று நினைத்தேன். ஒரு வார்த்தை, அவ்வளவுதானே. நான் சொல்லிவிடுகிறேன். "குடிக்கலாம்" என்று சொல்வேன், அவன் சிரிப்பான், நிலவறைப் பக்கம் இனி விளக்கில்லாமல் போக மாட்டான், நாங்கள் வீட்டுக்குப் போய் வாத்துக்கறி சூடுபண்ணிச் சாப்பிடுவோம். சொல்லை நாக்கின் நுனியில் தயாராக வைத்துக்கொண்டு கோப்பையைத் தூக்கினேன்.

குடித்துக் கீழே வைத்தேன். லூதெக் வாசலில் நின்றவன் சிலுவை போட்டுக்கொண்டான். என் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன். கொத்திக் கொத்திக் குடிக்கிற என் கோப்பையில் மூன்று வளையங்கள் இருந்தன. சரியான இடைவெளி.

குடிக்கலாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஈரமா இருக்கு, பொடியா."

ராதிமின் முகம் முழுக்க மலர்ந்தது. கண்ணீர் வழிய வழியச் சிரித்தான். என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கூஜாவைச் சாய்த்து என் கோப்பையை மறுபடி நிரப்பினான். "ஏன்னு சொல்லு," என்றான். "ஹாப் பூவா, தண்ணியா? எல்லாத்தையும் சொல்லு. எவ்வளவு நேரமானாலும் சரி."

மூடு, மூடு என்று என் கைக்குச் சொன்னேன். அட்டை பக்கத்திலேயே இருந்தது. கை கோப்பையின் பிடியை விட்டு அசையவில்லை. குடித்தவர்தான் மூட வேண்டும், அவருக்கு இன்னும் போதவில்லை.